பாதி நினைவில் நிற்கும் பழைய நகைச்சுவைப் பதிவைத் தேடிப் பிடிப்பது எப்படி

"ஒருத்தன் மாமனார்கிட்ட பொய் மேல பொய்யா அடுக்கிக்கிட்டே போவானே, கடைசியில சமையல்காரன் காட்டிக் கொடுத்துடுவான். அந்த நாடகத்தை எங்க கேட்கலாம்?" வீட்டுப் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டதும் யூடியூப்பில் அந்த வரியைத் தட்டிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்து மனத்தில் மிஞ்சுவது வசனத்தின் சாரம்தான், சொற்கள் மாறிப்போயிருக்கும். சொற்கள் சரியாகவே இருந்தாலும், பதிவேற்றியவர் தலைப்பில் வசனத்தை எழுதி வைத்திருக்க மாட்டார்.

அதனால் வசனத்தைத் துரத்துவதை முதலில் நிறுத்துங்கள். அது எதில் வந்தது என்று கண்டுபிடியுங்கள். இசைத்தட்டா, ஒலிநாடாவா, வானொலியா, தொலைக்காட்சியா, மேடையில் யாரோ பதிவு செய்ததா? இது தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். ஆண்டும் ஓரளவு பிடிபடும். பெயர் தானாகப் பின்னால் வரும்.

முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

நினைவு வைத்திருப்பவரிடம் எந்த மாதிரிப் பதிவையும் போட்டுக் காட்டாதீர்கள். "இதுவா பாருங்க" என்று நாலைந்தைப் போட்டுவிட்டால், அவற்றில் உள்ள குரலும் வசனமும் அவருடைய நினைவோடு கலந்துவிடும். பிறகு எது பழையது, எது நேற்றுக் கேட்டது என்று அவராலேயே பிரிக்க முடியாது. முதலில் பேச விடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் சொல்லும் வசனத்தைத் திருத்தாமல், சொன்னபடியே எழுதுங்கள்.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் தடுமாறும். வீட்டைக் கேளுங்கள். சிங்கப்பூர்ப் பெரியவர் என்றால், கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டில் இருந்தபோதா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகா? கல்யாணத்துக்கு முன்பா? அண்ணன் தேசிய சேவைக்குப் போயிருந்தாரா? வானொலிப் பெட்டி எந்த அறையில் இருந்தது? அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் செய்தியா, பாட்டா? பாதியில் யாராவது எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். "ஆமாம், மாமாதான் திருப்பிப் போடுவார்" என்று பதில் வந்தால் வானொலியைத் தேடும் வேலை மிச்சம்.

அப்போது உடன் இருந்தவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்டால், உரக்கப் பேசுபவரின் நினைவே எல்லாருடைய நினைவும் ஆகிவிடும்.

வானொலி என்றால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1981 இறுதிவரை சிங்கப்பூர் நேரம் இந்தியா, இலங்கை நேரத்தைவிட 2 மணி முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் அரை மணி கூடி இரண்டரை மணி ஆனது. சென்னையிலோ கொழும்பிலோ மாலை 7 மணிக்கு ஒலிபரப்பானதைச் சிற்றலையில் பிடித்தவர் 1970களில் இரவு 9 மணிக்குக் கேட்டிருப்பார். ஒரே நிகழ்ச்சியை அண்ணன் ஒன்பது என்கிறார், தம்பி ஒன்பதரை என்கிறார் என்றால் இருவரும் சரியாகச் சொல்லக்கூடும். கேட்ட ஆண்டுதான் வேறு.

நீளமும் பின்னணிச் சத்தமும்

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் பத்து அங்குலம் என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம். பன்னிரண்டு அங்குலம் என்றால் நாலரை வரை போகும். "குட்டியா ஒரு காட்சி, சட்டுனு முடிஞ்சிடும்" என்றால் இதுவாக இருக்கலாம். முழு நாடகங்களைப் பல தட்டுகளாகப் பிரித்து 'நாடக செட்' என்று விற்றதும் உண்டு. அதில் பபூன் வரும் காட்சி தனித் தட்டாக ஏதாவது ஒரு வீட்டில் தங்கிவிட்டிருக்கும். 78 என்றதும் 1940களுக்கு முந்தியது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தியாவில் 1960களின் பிற்பகுதிவரை அவை வந்துகொண்டிருந்தன. எல்பி தட்டு பக்கத்துக்கு 20 முதல் 25 நிமிடம். சி-60 ஒலிநாடா பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45.

பின்னணியில் என்ன கேட்டது என்பது இதைவிடப் பெரிய துப்பு. கூட்டம் சிரித்ததா? நடிகர் நகரும்போது குரல் விலகி விலகி வந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் மேடையில் வைத்துப் பதிவானது. காட்சி மாறும்போது சின்னதாக இசைத்துணுக்கு, கதவு தட்டும் சத்தம், குரல் எப்போதும் ஒரே தூரத்தில் என்றால் வானொலி நிலையத்தில் தயாரானது. வசனத்துக்கு அடியில் வாத்திய இசை ஓடிக்கொண்டே இருந்தால் சினிமா.

இந்தக் கடைசி வகைதான் அதிகம் ஏமாற்றும். வானொலியில் 'ஒலிச்சித்திரம்' என்று முழுப்படத்தைச் சுருக்கி ஒலியாக மட்டும் போடுவார்கள். படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டவருக்கு அது நாடகமாகவே பதிந்திருக்கும். கதை வசனத் தட்டுகளும் நாடாக்களும் அப்படியே. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் நடித்த தருமி காட்சியைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. "அது நாடகம்தான், படம் இல்லை" என்று ஒருவர் அடித்துச் சொன்னாலும், சினிமாவை ஒருமுறை சரிபார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

குரலும் வழக்கும்

பெண் குரலைப் பற்றிக் கேளுங்கள். நகைச்சுவை ஜோடிகள் காலத்தைக் காட்டிக் கொடுக்கும்: என்.எஸ்.கிருஷ்ணன் - டி.ஏ.மதுரம், பிறகு தங்கவேலு - எம்.சரோஜா, அதன்பின் நாகேஷ் - மனோரமா. கவுண்டமணி - செந்தில் என்றால் 1980களும் அதற்குப் பிறகும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தட்டு என்றால் இன்னொரு கணக்கும் உதவும். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் 1944 இறுதியில் கைதாகி 1947இல்தான் வெளியே வந்தார். 1946இல் வாங்கியதாகச் சொல்லப்படும் தட்டு அதற்கு முன்பே பதிவானதாக இருக்க வேண்டும். அல்லது ஆண்டு பிசகு.

சென்னை மேடை நாடகம் போலத் தோன்றினால் பாத்திரப் பெயர்களைக் கேளுங்கள். மாது, சீனு, கதாநாயகி ஜானகி என்று வந்தால் கிரேஸி மோகன் எழுதியது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அவருடைய கிரேஸி கிரியேஷன்ஸ் குழு தொடங்கியது 1979இல். அதற்கு முன்பே 1976இல் எஸ்.வி.சேகருக்காக அவர் எழுதிய நாடகமும் உண்டு. ஆகவே குழுவின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முந்தையது தப்பிவிடும். அரசியல் கிண்டல் தூக்கலாக இருந்தால் சோ ராமசாமி. குடும்பத்துக்குள் நடக்கும் ஆள்மாறாட்டம் என்றால் காத்தாடி ராமமூர்த்தி, மௌலி, ஒய்.ஜி.மகேந்திரன் என்று வரிசையாகப் பாருங்கள்.

ஒரே நாடகத்தில் யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் எல்லாம் மோதிக்கொண்டால் இந்தியப் பதிவுகளில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது இலங்கை வானொலி. 'கோமாளிகளின் கும்மாளம்' அந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மலாய்ச் சொற்கள் இயல்பாகக் கலந்திருந்தால் நம் சிங்கப்பூர் வானொலியாக இருக்கலாம், மலேசிய வானொலியாகவும் இருக்கலாம். கோலாலம்பூர் தமிழ் ஒலிபரப்பு, பின்னாளில் மின்னல் எஃப்எம் ஆன 'ரேடியோ 6', ஜொகூர் வழியாக இங்கே தாராளமாகக் கேட்கும். 'லா' வந்ததா, தோட்டத்து வாழ்க்கை வந்ததா, வீவக மின்தூக்கி வந்ததா என்று பார்த்தால் கரை எது என்று தெரியும்.

மிமிக்ரி நாடாக்களை மறந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ராதா குரலும் ரஜினிகாந்த் குரலும் ஒரே காட்சியில் பேசியதாக நினைவிருந்தால், அது பெரும்பாலும் ஒரே ஆள் பேசிய 1980, 90களின் மிமிக்ரி நாடா.

சிங்கப்பூரில் தேடும் இடங்கள்

உள்ளூர் ஒலிபரப்பு என்று தெரிந்தால் முதலில் நாளிதழ். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் உள்ளன. தமிழ்ச் சொல்லை உள்ளிட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால், இல்லை என்று அர்த்தமில்லை. மங்கிய அச்சையும் பழைய எழுத்து வடிவத்தையும் கணினி தவறாகப் படித்திருக்கும். தேதியைத் திறந்து வானொலி நிகழ்ச்சி நிரலைக் கண்ணால் பாருங்கள். ஒரு மாதத்துக்கு நான்கு தேதி போதும். வார நிகழ்ச்சி என்றால் ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப வரும். பொங்கல், தீபாவளி வாரங்களைத் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் நகைச்சுவைச் சிறப்பு நிகழ்ச்சிகள் அங்கேதான் குவியும். பழைய நிரல்களில் 'நகைச்சுவை' என்பதோடு 'ஹாஸ்யம்', 'விகடம்' என்றும் இருக்கும். ஆங்கில நாளிதழ்களின் வானொலிப் பட்டியல்களிலும் தமிழ் நிகழ்ச்சிகள் வரும். அவற்றில் எழுத்துத் தேடல் நன்றாக வேலை செய்யும். சில ஆண்டுகளின் இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே திறக்க முடியும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போனால் அதையும் நுண்படச் சுருளையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

தேதியோ தலைப்போ கிடைத்த பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன் தளத்துக்குப் போங்கள். ஒலி, ஒளிப்பதிவுப் பிரிவில் ஒலிபரப்பு நிலையத்தின் பெயரைக் காலத்துக்கு ஏற்ப மாற்றிப் போட வேண்டும். 1980 பிப்ரவரிக்கு முன் ஆர்டிஎஸ் (ரேடியோ டெலிவிஷன் சிங்கப்பூர்), பிறகு எஸ்பிசி (சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம்), 1994க்குப் பிறகு வேறு பெயர்கள், கடைசியாக மீடியாகார்ப். தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். பட்டியலில் இருப்பதெல்லாம் உடனே கேட்கக் கிடைக்காது. சிலவற்றை கேனிங் ரைஸ் கட்டடத்துக்கே போய்த்தான் கேட்க முடியும். சிலவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு அதை வைத்து விண்ணப்பியுங்கள்.

அதே தளத்தில் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளும் இருக்கின்றன. இவற்றைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், பெரிய நஷ்டம். பழைய வானொலிக் கலைஞர்களும் மேடை நடிகர்களும் எந்த நிகழ்ச்சியை யார் எழுதினார், யார் நடித்தார் என்று பெயர் பெயராகச் சொல்லியிருப்பார்கள். ரீல் ரீலாகச் சுருக்கம் இருப்பதால் முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. உள்ளூர் மேடை நாடகம் என்றால் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் திரட்டிய நாடகத் தொகுப்பைப் பாருங்கள். ஒலி இல்லாவிட்டாலும் பிரதி கிடைத்தால், அந்தச் சமையல்காரன் காட்சி அதில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து உறுதி செய்யலாம்.

காப்பகத்துக்கோ நிலையத்துக்கோ எழுதும்போது "பழைய காமெடி நாடகம் ஒன்று வேண்டும்" என்று எழுதினால் பதில் வராது. இப்படி எழுதுங்கள்:

"1974 முதல் 1978க்குள் ஒலிபரப்பான தமிழ் வானொலி நகைச்சுவை நாடகம். ஞாயிறு இரவு, செய்திக்குப் பின், ஏறக்குறைய அரை மணி நேரம். கூட்டச் சிரிப்பு இல்லை. மருமகன், மாமனார், சமையல்காரன் என மூன்று ஆண் குரல்கள், ஒரு பெண் குரல். மலாய்ச் சொற்கள் உண்டு. தமிழ் முரசு நிகழ்ச்சி நிரலில் 1975 மார்ச், ஏப்ரல் பார்த்துவிட்டோம்; இணைப்பில் படம். இந்தக் காலத்துத் தமிழ் நாடகப் பதிவுகளின் பட்டியல் இருந்தால் அதைப் பார்க்க விரும்புகிறோம்."

கடைசி வரியைக் கவனியுங்கள். பதிவைக் கேட்காமல் பட்டியலைக் கேட்கிறோம். பட்டியல் தருவது அவர்களுக்கும் எளிது.

எதுவும் இல்லை என்று பதில் வந்தால் அதையும் ஏற்க வேண்டியிருக்கும். நேரடியாகப் போன நிகழ்ச்சி பல பதிவாகவே இல்லை. நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் ஒலிபரப்பு நிலையங்களின் வழக்கமாக இருந்தது. அப்போது மிஞ்சுவது வீடுகளில் பிடித்து வைத்த ஒலிநாடாக்கள்தான்.

கடல் தாண்டி

இந்தியத் தட்டுகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். அங்கே இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. எச்எம்வி தமிழ்ப் பதிவுகளின் உரிமை இப்போது சரிகம நிறுவனத்திடம். இலங்கைத் தொடர்பு என்றால் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் மின்தொகுப்பு. தட்டின் எண் தெரிந்தால் டிஸ்காக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய இணையதளங்கள் இரண்டிலும் எண்ணைப் போடுங்கள். எண்ணில் எழுத்துப் பிழை வராது, பெயரில் வரும். பெயரைத்தான் போட வேண்டும் என்றால் ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதிப் பாருங்கள்: ழகரத்துக்கு 'இசட் எச்', 'எல்', 'ஆர்' மூன்றையும், நெடிலுக்கு 'ஏ' ஒன்றும் இரண்டும், தகரத்துக்கு 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும்.

வீட்டு அலமாரியும் பழைய சாமான் கடையும்

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டதிலிருந்து பழைய தட்டுகள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. பழைய பொருள்கள் விற்கும் கரோசல் தளத்தில் பாருங்கள். விற்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். 'இந்தியன் ரெக்கார்டு', 'இந்தியன் கேசட்' என்று ஆங்கிலத்தில் தேடி, படத்தைப் பெரிதாக்கி நீங்களே படித்துக்கொள்ள வேண்டும். வீடு மாறும்போதும் வீட்டைக் காலி செய்யும்போதும்தான் இவை குப்பைக்குப் போகின்றன. உறவினர் வீடுகளில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிடைக்கும் நாடாவின் மேல் 'சுப்ரபாதம்' என்று எழுதியிருந்தாலும் இரு பக்கமும் கடைசிவரை கேளுங்கள். 22 நிமிடப் பாட்டுக்குப் பின் சி-60இல் 8 நிமிடம் காலி. அந்த இடத்தில் வானொலியிலிருந்து எதையாவது பிடித்து வைப்பது அன்று எல்லார் வீட்டிலும் நடந்தது.

போடுவதற்கு முன் நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். சன்னல் வழியே நாடாச் சுற்றின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். நம் ஊர் ஈரப்பதத்தில் இது சாதாரணம். அதைப் போட்டால் கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் அதை இழுக்கும் ரோலரிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். தனிப் பையில் போட்டு ஒதுக்கி வைத்து, கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியில் 40 முதல் 50 சதவீதத்தில் இரண்டு மூன்று வாரம் உலர விடுங்கள். பிறகு சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள்.

நல்ல நாடா என்றால் முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தான் பட்டாலும் அழியாது. ஹெட்டுக்கு நேரே இருக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். திருகாணி போட்ட பழைய உறை ஒன்றைத் திறந்து நாடாவை அதற்கு மாற்றலாம். ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகே போடுங்கள். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்; ரப்பர் ரோலருக்கு ஈரத்துணி போதும். பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

78 தட்டை ஆல்கஹாலில் ஒருபோதும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் போதும். நடுவில் உள்ள லேபிள் நனையக்கூடாது. எல்பி ஊசியால் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் கொடுக்கும். 78க்கென்று விற்கும் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும்.

கணினியில் ஏற்றும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒலியின் உச்சம் கழித்தல் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஸ்டீரியோவாக ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி வரும். இரைச்சல் நீக்குவது, எம்பி3 ஆக்குவது எல்லாம் நகலில். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். லேபிள், உறை, கையெழுத்துக் குறிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள்.

அதுதானா என்று சோதித்தல்

கண்டுபிடித்ததும் பெரியவர், "இது இல்லை, அதில் வேற மாதிரி சொல்வான்" என்பார். அவசரப்பட்டு அவர் நினைவைக் குறை சொல்லாதீர்கள். கலைவாணரின் 'கிந்தனார்' காலட்சேபம் 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இருக்கிறது. ஆனால் காலட்சேபம் என்பது ஆள் பார்த்து, ஊர் பார்த்து மாற்றிச் சொல்லும் கலை. எம்.ஆர்.ராதா 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் அன்றன்றைய சேதியைச் சேர்த்துப் பேசுவார். 1954 படத்தில் இருப்பது ஒரு வடிவம் மட்டுமே. கதை ஒன்றாகவும் வசனம் வேறாகவும் இருந்தால் நீங்கள் சரியான நாடகத்தைப் பிடித்துவிட்டீர்கள், வடிவம்தான் வேறு. அப்போது திரும்பத் தேட வேண்டியது அதே நாடகத்தின் மற்ற வடிவங்களை: மேடை, தட்டு, படம், நாடா.

வீட்டில் போட்டுக் கேட்பது ஒன்று. இணையத்தில் ஏற்றுவது வேறு. வெளியிட்ட ஒலிப்பதிவுக்குச் சிங்கப்பூரில் 70 ஆண்டும் இந்தியாவில் 60 ஆண்டும் காப்புரிமை உண்டு. எழுதியவரின் உரிமை அவர் மறைந்த பிறகும் தனியாக ஓடும். வேறெங்கும் இல்லாத உள்ளூர்ப் பதிவு உங்கள் கையில் இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ தேசிய நூலகத்துக்கோ எழுதி, ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். நாடாவோடு யார், எப்போது, எந்த வானொலியில் பிடித்தது என்ற குறிப்பையும், பெரியவர் பேசிய அந்தக் கைப்பேசிப் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள்.